லீவு விட ஆள் வேண்டும்

குத்துக்கல்வலசையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே பெரியவர்களின் வேலை நிலைக்குமா என்பதைப் பிள்ளைகள் கை தூக்கி முடிவு செய்வார்கள். அதில் நான் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன்.

பெயர் ‘தும்பி’. போர்டில் பள்ளி என்ற சொல் இருக்காது. ஒரு வாடகை வீடு, பின்னால் பத்துப் பன்னிரண்டு தென்னைகள், ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பதினேழு பிள்ளைகள். வகுப்பு கிடையாது, மணி கிடையாது, பரீட்சை கிடையாது. விரும்பியதை விரும்பும்போது படிக்கலாம். ஒன்றும் விரும்பவில்லை என்றால் தென்னையடியில் உட்கார்ந்திருக்கலாம். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் நடக்கும். எந்தச் சட்டமானாலும் அங்கேதான் ஓட்டெடுப்பு. ஆறு வயதுக்கும் ஒரு ஓட்டு, நாற்பது வயதுக்கும் ஒரு ஓட்டு.

நடத்துகிறவர்கள் விஸ்வநாதனும் அவர் மனைவி உமா மகேஸ்வரியும். பெங்களூரில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, சொந்த ஊரான தென்காசிக்கே திரும்பியவர்கள். பிள்ளைகளுக்கு விசு அண்ணன், உமா அக்கா. ‘நடத்துகிறவர்’ என்று சொன்னால் விசு அண்ணன் வருத்தப்படுவார்.

“நான் நடத்தல கல்யாணி. அது நடக்குது.”

நான் கல்யாணசுந்தரி. பி.எஸ்ஸி. இயற்பியல். இதற்கு முன் ஒரு மெட்ரிக் பள்ளியில் பதினொரு நாள் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவு, ஐம்பத்திரண்டு பிள்ளைகள். என் குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. பதினோராம் நாள் தாளாளர் வகுப்பை எட்டிப் பார்த்து, “டீச்சர் இன்னும் வரலையா?” என்று கேட்டார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தும்பியில் குரல் தேவையில்லை. யாராவது வந்து கேட்டால் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் யாரும் வந்து கேட்கவில்லை. பதினொரு வாரத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். ஒன்று, மணி என்ன. இன்னொன்று, மோட்டார் போட்டாச்சா.

என் தவணை நவம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்குள் ஒரு கூட்டத்தில் பாதிக்கு மேல் கை எழுந்தால் நான் தொடரலாம். எழாவிட்டாலும், ஓட்டெடுப்பே நடக்காவிட்டாலும் போக வேண்டியதுதான்.

போக ஓர் இடமும் தயாராக இருந்தது. என் அம்மாவின் தம்பி பிச்சையா மாமாவுக்குக் குற்றாலத்தில் எட்டு காட்டேஜ். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வரும். புக்கிங் போனை எடுக்க மாமாவுக்கு ஆள் வேண்டும்.

“உக்காந்த இடத்துல எடுக்கப் போற, இதுல என்ன கஷ்டம்?” என்றார் மாமா. “தண்ணி விழுதா சாமி, குளிக்க விடுதாங்களா சாமி, ரூம் இருக்கா சாமி. அம்புட்டுதான் கேப்பானுவ. ஒரு நாளைக்கு எரநூறு போன்தான் வரும்.”

எனக்கு ஒரு போன் வந்தாலே, அது அடித்து ஓயும் வரை தொட மாட்டேன். மாமா அதற்குள் புது சிம் வாங்கிவிட்டார்.

நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விடியும்போதே மழை. டிவியில் ஓடும் எழுத்தில் நெல்லை வந்தது, தூத்துக்குடி வந்தது, ஏழு மணிக்குத் தென்காசியும் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் உத்தரவு. எங்கள் தெருவே ஒரு கூச்சல் போட்டது.

தும்பிக்கு நான் போனபோது பதினேழு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். குடையோடு, முக்கால்வாசி நனைந்து. அவர்கள் என்றைக்கும் வருவார்கள். வர வேண்டும் என்று யாரும் சொல்லாததால் வராமல் இருக்கத் தோன்றியதில்லை. ஆனால் அன்று முன்வாசலில் வரிசையாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் மற்ற பள்ளிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் பந்து உதைத்தார்கள். அதில் ஒருவன் உவைஸ். எங்கள் பாஹிமாவுக்குப் பெரியம்மா மகன். அவன் கேட்டைப் பிடித்துத் தொங்கினான்.

“ஏட்டி பாஹிமா! எங்களுக்கு லீவு விட்டாச்சு! ஒங்களுக்கு விடலையா?”

பாஹிமாவுக்குப் பத்து வயது. தும்பியின் சட்டங்களில் பாதி அவள் எழுதியது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் கூடியது. தலைவர் பதவி மாதத்துக்கு ஒருவருக்கு, குலுக்கல் முறையில். நவம்பர் மாதத் தலைவர் பாஹிமாவின் தங்கை, ஏழு வயது அலிமா. பேசுகிறவர் கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்க வேண்டும். பழம் இல்லாதவர் பேசக் கூடாது. புவனேஷின் அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அதனால் வாரம் ஒரு புதுப் பழம் வந்துவிடும். பழம் என்னிடம் வந்தால் கை சுட்டதுபோல அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.

பாஹிமா பழத்தை எடுத்தாள். “எங்களுக்கு லீவே கிடையாது. இது அநியாயம்.”

விசு அண்ணன் பழத்துக்குக் கை நீட்டினார். “உனக்கு எல்லா நாளும் லீவுதான் பாஹிமா. உன்னை யாரும் வரச் சொல்லலையே. இன்னைக்குக்கூட நீ வராம இருந்திருக்கலாம்.”

“வராம இருக்கது லீவு இல்லண்ணே. அது வராம இருக்கது.”

“என்ன வித்தியாசம்?”

“லீவு எடுக்கது வேற, லீவு விடுதது வேற. எடுக்கதுல என்ன இருக்கு? விட்டாத்தான் சந்தோசம்.”

விசு அண்ணன் பழத்தை மறுபடியும் வாங்கினார். “சரி. அப்ப இந்தக் கூட்டமே விடட்டும். நாளைக்கு லீவுன்னு கை தூக்குங்க. முடிஞ்சது.”

பிள்ளைகளில் மூத்தவன் புவனேஷ், பன்னிரண்டு வயது. அவன் பழத்தை வாங்கி உருட்டிக்கொண்டே சொன்னான்.

“நம்ம லீவ நம்மளே விட்டா அது போங்குண்ணே. பிடிச்சு வச்சாத்தான விட முடியும்? நம்மள யாரும் பிடிச்சே வைக்கலையே.”

இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டுக்குத்தான் பாயும் ஆற்றல் உண்டு. தரையில் சும்மா கிடப்பதற்கு இல்லை. இயற்பியல்படி புவனேஷ் சொன்னது சரி. நான் அதைச் சொல்லவில்லை.

பாஹிமா தீர்மானத்தை எழுதி வாசித்தாள். ‘திங்கட்கிழமை முதல் தும்பியில் வருவதும் வகுப்பில் உட்காருவதும் கட்டாயம். மணி, அட்டண்டன்ஸ், வீட்டுப்பாடம், தண்டனை எல்லாம் உண்டு. கலெக்டர் லீவு விடும் வரை இது நடக்கும்.’

வேண்டும் என்று பதினைந்து கை. வேண்டாம் என்று நாலு. விசு அண்ணனின் கை அந்த நாலில் மிக உயரமாக இருந்தது. நான் எதற்கும் தூக்கவில்லை. கை தூக்காதவர் ஒப்புக்கொண்டவர் என்று தும்பியில் ஒரு சட்டம் இருக்கிறது. அதுவும் பாஹிமா எழுதியதுதான்.

“சரி, டீச்சர் யாரு?” என்று அலிமா கேட்டாள்.

“என்னால முடியாது” என்றார் விசு அண்ணன். “இதுக்கா நான் வேலையை விட்டுட்டு வந்தேன்?”

“நான் சிரிச்சிருவேன்” என்றார் உமா அக்கா. ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணி அக்கா நிஜ ஸ்கூல்ல வேல பாத்தவங்கல்லா” என்றான் புவனேஷ்.

பழம் என்னிடம் வந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லாக் கைகளும் எழுந்துவிட்டன. அலிமா எண்ணவே இல்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு சாம்பார் வாளியில் கரண்டியால் அடித்து மணி அடித்தார்கள். உயரப்படி வரிசை. அட்டண்டன்ஸில் ஒரு சண்டை. ‘உள்ளேன் அம்மா’ என்பதா, ‘பிரசன்ட் மிஸ்’ என்பதா? பத்து நிமிடத்துக்குப் பின் ‘உள்ளேன் மிஸ்’ என்று சமரசம் ஆனது.

நான் போர்டில் அழுத்தம் பற்றி எழுதினேன். திரும்பினால், பதினேழு பேரும் கை கட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. எட்டாம் வகுப்பு பி-யில் நான் ஏங்கிய அமைதி அதுதான்.

“அழுத்தம் என்பது…”

“கேக்கல மிஸ்” என்றான் புவனேஷ், கடைசியிலிருந்து.

“அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பில்…”

“மிஸ், என்னைய ஏசணும்.”

“எதுக்கு?”

“கேக்கலன்னு குறுக்க பேசுனம்லா. ‘காது என்ன செவிடா’ன்னு கேக்கணும்.”

“காது… என்ன… செவிடா?”

புவனேஷ் தலையை ஆட்டினான். “மெதுவா கேட்டா அது அக்கற மிஸ். கத்துனாத்தான் ஏச்சு.”

“மொதல்ல ‘ஏலே’ன்னு ஆரம்பிங்க” என்றாள் பாஹிமா. “ஏ நீளமா வரணும். வயித்துல இருந்து.”

அன்று ஒரு பீரியட் முழுக்க அவர்கள் எனக்கு ஏசச் சொல்லிக்கொடுத்தார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்தான் மந்தமான மாணவி. மிச்ச நேரத்தில் அழுத்தத்தின் வரையறையை எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். “ஒண்ணுமே புரியல” என்று மணி அடித்ததும் ஒரு பையன் இன்னொருவனிடம் சந்தோஷமாகச் சொன்னான். “நிஜ ஸ்கூல் மாரியே இருக்குலே.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புவனேஷ் பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால்கள் இரண்டில் ஆடிக்கொண்டிருந்தான். பின்னால் மூன்று கல்படிகள். நாற்காலி சாய்ந்தது.

“ஏலே புவனேஷு! சேர ஒழுங்கா போட்டு உக்காருலே!”

தென்னையிலிருந்து காகங்கள் எழும்பின. பக்கத்து வீட்டம்மாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். யார் கத்தியது என்று நானும் ஒரு நொடி தேடினேன். புவனேஷ் நாற்காலியின் நாலு காலும் தரையில் பட உட்கார்ந்திருந்தான், முகம் வெளுத்து. அப்புறம் வகுப்பே கைதட்டியது.

“யாரும்மா கைதட்டுனது? எல்லாரும் ‘வகுப்பில் கைதட்ட மாட்டேன்’னு அம்பது தடவ எழுதுங்க. புவனேஷ் நூறு தடவ.”

எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

புதன்கிழமை காலையில் புவனேஷின் அப்பா அய்யாத்துரை அண்ணாச்சி பைக்கைக் கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ஒரு சாக்கு எலுமிச்சை.

“டீச்சர், நோட்டுல எழுதியிருக்கான்! மூணு வருசத்துல மொத தடவ. மூணு பக்கம்!”

“அது வந்து… ஒரே வரி அண்ணாச்சி. நூறு தடவ.”

“என்ன வரியா இருந்தா என்ன? எழுதியிருக்காம்லா. இதத்தான நான் கேட்டேன்?” சாக்கை இறக்கி என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

பாஹிமாவின் உம்மா உமா அக்காவின் போனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். “இப்பம்தான் பள்ளிக்கொடம் பள்ளிக்கொடம் மாதிரி இருக்கு. புள்ளைய ராத்திரி ஒம்பது மணிக்கே தூங்கிட்டுவ. அந்த டீச்சர மட்டும் விட்றாதீங்க.” அன்று மட்டும் மூன்று பேர் வந்து அட்மிஷன் கேட்டார்கள். தும்பி தொடங்கியதிலிருந்து இப்படி நடந்ததில்லை என்றார் உமா அக்கா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

விசு அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை. தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

“முன்னாடி அவங்க கண்ணுல எப்பவும் ஏதோ ஒரு கேள்வி இருக்கும் கல்யாணி. கவனிச்சிருக்கியா? இப்ப பாரு. பெல் எப்ப அடிக்கும், அது ஒண்ணுதான்.”

“ஆமாண்ணே” என்றேன். அது உண்மைதான்.

ஆனால் அன்று பிற்பகலில் நடந்ததும் உண்மைதான். கணக்கு பீரியட். நானூற்று இரண்டிலிருந்து நூற்று அறுபத்தேழைக் கழிக்கச் சொன்னேன். பாஹிமா எழுந்து நின்றாள்.

“ரெண்டுல ஏழு போகாது மிஸ்.”

“போகாதுன்னா என்ன செய்யணும்?”

“விட்றணும். அதான் நியாயம்.”

“பக்கத்துல கடன் வாங்கணும்.”

“பக்கத்துல சைபர்தான இருக்கு? ஒண்ணுமில்லாதவன்கிட்ட போய் எதுக்கு கேக்கணும்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவள் நோட்டு மூடியே இருந்தது. அவளுக்குக் கழித்தல் தெரியாது என்று அப்போது புரிந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு வாதம் பேசி நழுவியிருக்கிறாள். கேட்டால்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவள் கேட்கவில்லை. எனவே யாருக்கும் தெரியவில்லை.

மணி அடித்த பிறகும் அவளை உட்கார வைத்தேன். கொஞ்சம் அழுதாள். பத்து கணக்கு போட்டாள். கடைசி நாலு சரி. நோட்டை மூடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஓட்டுகளை எண்ணிப் பார்த்தேன். மறுநாள் வியாழன், நவம்பரின் கடைசிக் கூட்டம். தண்டனை எழுதியவர்கள், அழுதவள், கொள்கைக்காரர் ஒருவர். எப்படி எண்ணினாலும் நாலு கைக்கு மேல் வரவில்லை. அதில் ஒன்று உமா அக்காவுடையது. அவர் எல்லோருக்கும் தூக்குவார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து மழையே இல்லை. வானம் துடைத்துவைத்ததுபோல நீலமாக இருந்தது. பிள்ளைகள் தினமும் ஆறு மணிக்கு எழுந்து டிவி பார்த்தார்கள். புதன் சாயங்காலம் அவர்கள் கேட்டருகே பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

“மழையே வரலன்னா?” என்றான் புவனேஷ்.

“கலெக்டர் விடும் வரைன்னுதான் இருக்கு” என்றாள் பாஹிமா. “வருசக் கணக்கா போகும்.”

“எந்தக் கிறுக்கச்சிட்டி இந்தத் தீர்மானத்த எழுதுனது?”

“நாந்தான். என்னலே இப்பம்?”

“கூட்டத்துல மாத்திருவமா?”

“மாத்தலாம். ஆனா லீவே விடாம மாத்துனா, இத்தன நாளு உக்காந்ததுக்கு என்னலே அர்த்தம்?”

வியாழக்கிழமை காலையிலும் மழை இல்லை. உவைஸ் ஸ்கூல் வேனில் போனான். ஒன்பது மணிக்கு வாளி மணி அடித்தது. ஒன்பதரைக்கு மேற்கே குற்றால மலை காணாமல் போனது. அப்புறம் கொட்டத் தொடங்கியது. பள்ளிக்கூடங்களெல்லாம் தொடங்கிவிட்ட பிறகு இனி எந்த டிவியிலும் ஒன்றும் ஓடாது.

பாஹிமா எழுந்தாள். “மிஸ், உள்ளூர் விடுமுறைன்னு ஒண்ணு இருக்காம். உவைஸ் காக்கா சொன்னான். கலெக்டர் விடாட்டாலும் எச்.எம். விடலாமாம்.”

“எச்.எம். யாரு?”

“நீங்கதான். இங்கன வேற யாரு இருக்கா?”

ஓராசிரியர் பள்ளி. அவள் சொன்னது சரிதான். மற்றவர்கள் தலையாட்டிச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பதினேழு முகமும் என்னைப் பார்த்தன. சமையலறை வாசலில் விசு அண்ணன் வந்து நின்றார். அவர் ஒன்றும் சொல்ல முடியாது, கொள்கை.

நான் கணக்குப் போட்டேன். லீவு விட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்று மணிக்குக் கூட்டம் கூடாது. அடுத்த வியாழன் டிசம்பர். என் தவணை தானாக முடியும். விடாவிட்டால் கூட்டம் கூடும். இதே முகங்கள் என்னைப் பற்றி ஓட்டுப் போடும். எந்தப் பக்கம் போனாலும் தண்ணி விழுதா சாமிதான். ஆனால் இரண்டாவதில் ஒரு நாலு கையாவது எழும். அதையாவது பார்த்துவிட்டுப் போகலாம்.

மறுபடியும் அவர்களைப் பார்த்தேன். விசு அண்ணன் காணோம் என்று தேடிய கேள்வி பதினேழு பேர் கண்ணிலும் இருந்தது. விடுவாங்களா?

அங்கே அவர்களைப் பிடித்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். விடவும் வேறு ஆள் இல்லை.

“இன்னைக்கு லீவு” என்றேன்.

கூரை ஓட்டில் மழை இரைந்தது. “கேக்கல மிஸ்!”

“ஏலே, லீவு விட்டாச்சு! போங்கலே வீட்டுக்கு!”

அந்தச் சத்தத்தை நான் இதற்கு முன் வெளியிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். இத்தனை பக்கத்தில் கேட்டால் காது வலிக்கும் என்று தெரியாது. குடையை விட்டுவிட்டு ஓடினார்கள். அலிமா ஒற்றைச் செருப்போடு ஓடினாள். ஒரு நிமிடத்தில் வீடு காலியானது. நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன.

விசு அண்ணன் உள்ளே வந்தார். “கல்யாணி, மூணு மணிக்கு உன்னோட…”

“தெரியும்ணே.”

உமா அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தார். மூவரும் குடித்தோம். நான் மாமாவுக்கு போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. தண்ணீர் விழுகிறது, ஆனால் குளிக்க விடவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

பதினொரு மணிக்கு மழை விட்டது. பதினொன்றரைக்குப் புவனேஷ் கேட்டில் நின்றான்.

“என்ன புவனேஷ்?”

“தெருவுல ஒருத்தனையும் காணும்க்கா. எல்லாவனும் ஸ்கூல்ல இருக்கான். யார்ட்ட போய் லீவுன்னு சொல்ல?”

பின்னாலேயே பாஹிமாவும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். உவைஸ் படிக்கும் பள்ளியின் காம்பவுண்டுக்கு வெளியே போய் நின்று, “எங்களுக்கு லீவு விட்டாச்சு!” என்று கத்தியிருக்கிறார்கள். வாட்ச்மேன் விரட்டியிருக்கிறார்.

“காக்கா ஜன்னல் வழியா பாத்துட்டான்க்கா. அவன் மூஞ்சிய பாக்கணுமே!”

“அப்புறம்?”

“அம்புட்டுதான். அஞ்சு நிமிசம் நல்லா இருந்து. வீட்டுக்குப் போனா உம்மா, ‘லீவா? அப்பம் இந்தத் துணியெல்லாம் மடி’ன்னுட்டாவ.” அவள் செருப்பைக் கழற்றினாள். “லீவு நாள்ல இங்கன வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“நீதான சட்டம் எழுதுறவ?”

அவள் யோசித்தாள். “இல்ல. எழுதல.”

மூன்று மணிக்குள் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். மற்ற மூவரை வீட்டில் வெங்காயம் உரிக்க வைத்துவிட்டதாகத் தகவல். கூட்டம் கூடப் பதினான்கு போதும்.

கட்டாயச் சட்டத்தை ஒரே நிமிடத்தில் நீக்கினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அடுத்து நான்.

“கல்யாணி அக்கா இருக்கணுமா, போகணுமா?” என்று அலிமா வாசித்தாள். “யாரு பேசுதா?”

புவனேஷ் பழத்தை வாங்கினான். “எனக்கு நூறு தடவ. கை இன்னும் வலிக்கி. ஆனா ஏசச் சொன்னது நம்மதான். சொன்னத செஞ்சவங்கள வெரட்டுனா அது போங்கு. இருக்கட்டும்.”

“நாலு நாளா தென்னமரத்துல ஏறவிடல. போகட்டும்” என்றான் ஒருவன்.

பாஹிமா பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் கேக்காம எனக்கு கழித்தல் சொல்லிக்குடுத்தாங்க. கேக்காதவங்களுக்கு சொல்லிக்குடுக்கது நம்ம சட்டப்படி தப்பு. அதனால நான் எதிர்த்துதான் ஓட்டு போடுவேன்.” பழத்தைக் கொடுக்கப் போனவள் நிறுத்தினாள். “ஆனா கழித்தல் வந்துட்டு. அதையும் நோட்டுல எழுதிக்கோ அலிமா.”

விசு அண்ணன் பேசினார். சுதந்திரம் என்பது கட்டாயம் இல்லாதது மட்டுமா என்று தொடங்கினார். கட்டாயத்தைத் தேர்ந்தெடுப்பதும் சுதந்திரத்தில் சேருமா என்று போனார். அலிமா பழத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“நேரம் முடிஞ்சிட்டுண்ணே. இருக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலிமா எண்ணுவது கேட்டது. ஏழோடு நின்றாள்.

“விசு அண்ணே, அது கையா, முழங்கையா?”

“கைதான்” என்று விசு அண்ணன் பெருமூச்சு விட்டார்.

“எட்டு. வேண்டாம்ங்கிறவங்க?”

பாஹிமாவின் கை முதலில் எழுந்தது. அலிமா விரல் விட்டு எண்ணினாள். அதுவும் எட்டு.

“சமம்” என்றாள் அலிமா. “சமம்னா?”

“பாதிக்கு மேல வரணும். வரலன்னா இல்லன்னு அர்த்தம்” என்றாள் பாஹிமா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அலிமா பென்சிலை எடுத்தாள். கை தூக்காதவர் ஒப்புக்கொண்டவர். பன்னிரண்டு வாரமாக நான் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கணக்கில் வராத ஓட்டு அந்த அறையில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

அலிமா நிமிர்ந்து பார்த்தாள். “என்னக்கா, ஒண்ணுக்குப் போணுமா?”

“இல்ல. இது ஓட்டு.”

“யாருக்கு?”

“எனக்கு.”

உமா அக்கா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார். அலிமா தன் அக்கா பாஹிமாவைப் பார்த்தாள். “லாத்தா, தனக்குத்தானே போடலாமா?”

எதிர்த்து ஓட்டுப் போட்ட பாஹிமா எழுந்து, சட்ட நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். அவசரமே படவில்லை. நான் கையைத் தூக்கியபடியே இருந்தேன்.

“போடலாம்” என்றாள். “தடை இல்ல.”

“அப்பம் ஒம்பது” என்றாள் அலிமா, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘கல்யாணி அக்கா இருக்கனும். 9.’

பாஹிமா அதற்குள் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டாள். “அடுத்தது. காக்காவுக்கு டிசம்பர்ல அரப்பரிச்ச லீவு விடுதாங்களாம். ஒரேயடியா ஒம்பது நாளு.”

“பரிச்ச வச்சாத்தானட்டி அது வரும்?” என்றான் புவனேஷ்.

“வைக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க” என்றாள் அலிமா.

விசு அண்ணன் எழுந்து தென்னைப் பக்கம் போனார். அலிமா என்னைச் சுட்டி, “ஒண்ணு” என்றாள்.

நான் இன்னும் கையை இறக்கவில்லை. அவசரமாக இறக்கினேன்.